சீருடை உண்டு, அபராதப் புத்தகம் கிடையாது: அமெரிக்க நீர்நிலைகளில் தன்னார்வ ரோந்து எப்படி நடக்கிறது?

கோடைக்காலத்துச் சனிக்கிழமை. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவிலோ புளோரிடா கரையோரத்திலோ குடும்பத்தோடு வாடகைப் படகில் போகிறீர்கள். எதிரே ஒரு படகு வருகிறது. பக்கவாட்டில் ‘கோஸ்ட் கார்டு ஆக்ஸிலரி பேட்ரோல்’ என்று எழுதிய பலகை, மேலே சாய்வான செந்நிறப் பட்டை போட்ட வெள்ளைக் கொடி. உள்ளே நீலச் சீருடையில் மூன்று பேர், தலையெல்லாம் நரை. ஆட்களைப் பார்த்தால் போலீஸ் மாதிரி இருக்கிறது. படகைப் பார்த்தால் யாரோ வாரக்கடைசியில் மீன்பிடிக்க எடுத்துப் போகிற சொந்தப் படகு மாதிரி இருக்கிறது.

படகைப் பற்றிய ஊகம் சரி. ஆட்களைப் பற்றியது சரியில்லை.

இவர்களைப் பார்த்ததும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் மூன்று. நிறுத்தச் சொன்னால் நிறுத்தித்தான் ஆகவேண்டுமா? சொந்தப் படகை அரசு வேலைக்கு ஓட்டுகிறார்களே, இடித்தால் யார் பொறுப்பு? இஞ்சின் நின்றுபோய் உதவி கேட்டால் சில சமயம் “தனியார் இழுவைப் படகுக்குச் சொல்லட்டுமா?” என்று ஏன் கேட்கிறார்கள்? மூன்றுக்கும் பதில், இந்த அமைப்பை எந்த மாதிரிச் சட்டம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

துணைப்படை என்பது என்ன

அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒரு ராணுவப் பிரிவு. அதே சமயம் கடலில் சட்டத்தை அமல்படுத்தும் போலீஸும் அதுதான், மீட்புப் படையும் அதுதான். அதனோடு ஒட்டிக்கொண்டு, சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் பொதுமக்கள் அமைப்புதான் ஆக்ஸிலரி. இங்கே துணைப்படை என்று சொல்வோம்.

விதை 1934-இல் விழுந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து யாட் கிளப் ஒன்றைச் சேர்ந்த மால்கம் பாய்லன் என்ற திரைக்கதை எழுத்தாளர், கடலோரக் காவல் படை அதிகாரி ஒருவருக்குக் கடிதம் எழுதினார்: சொந்தப் படகு வைத்திருப்பவர்களைக் கொண்டு ஒரு துணை அமைப்பை ஏன் உருவாக்கக் கூடாது? அப்போது உல்லாசப் படகுகள் பெருகிக்கொண்டிருந்தன, அவற்றைக் கவனிக்கப் படையிடம் ஆள் போதவில்லை. 1939 ஜூன் 23-ஆம் தேதி சட்டம் வந்தது. முதலில் வைத்த பெயர் ‘ரிசர்வ்’. 1941-இல் ராணுவப் பணிக்கென்று தனி ரிசர்வ் படை உருவானபோது அந்தப் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டு, பொதுமக்கள் அமைப்புக்கு ஆக்ஸிலரி என்று பெயர் மாற்றினார்கள். இரண்டையும் இன்றைக்கும் பலர் குழப்பிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

அடுத்த வருஷமே வேலை வந்தது. 1942-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் வந்து சரக்குக் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கின. கண்காணிக்கப் போதிய கப்பல் இல்லாததால் பாய்மர யாட்டுகளை அனுப்பினார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் காரணம் உண்டு. பாய் விரித்து ஓடும் படகில் இஞ்சின் சத்தம் இல்லை. நீருக்கடியில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் நீர்மூழ்கிக்கு அது வருவது கேட்காது. ‘ஹூலிகன் நேவி’ என்று கேலியும் செய்தார்கள், நம்பவும் செய்தார்கள்.

இன்றைய துணைப்படையில் இருப்பவர்கள் சுமார் இருபதாயிரம் பேர். அடிப்படைக் குழுவுக்கு ஃப்ளோட்டிலா என்று பெயர். சில ஃப்ளோட்டிலாக்கள் சேர்ந்தால் ஒரு டிவிஷன், அதற்கு மேல் மாவட்டம், உச்சியில் தேசிய கமோடோர். சட்டைத் தோளில் கோடுகள் இருக்கும், ஆனால் அவை ராணுவப் பதவியைக் குறிப்பவை அல்ல. அமைப்புக்குள் வகிக்கும் பொறுப்பின் அடையாளம் மட்டுமே. உற்றுப் பார்த்தால் சின்னத்தில் ‘ஏ’ என்ற எழுத்தும் இருக்கும்.

1996-இல் வந்த சட்டத் திருத்தம் இவர்களுடைய எல்லையை விரித்தது. கடலோரக் காவல் படைக்குச் சட்டப்படி உள்ள எந்த வேலையிலும் இவர்கள் உதவலாம், இரண்டைத் தவிர: நேரடியாகச் சட்டத்தை அமல்படுத்துவது, சண்டையிடுவது. ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: இவர்களால் உங்களைக் கைது செய்ய முடியாது, அபராதம் போட முடியாது, சம்மதமில்லாமல் உங்கள் படகில் ஏறவும் முடியாது. கடலோரக் காவல் படை அதிகாரி என்றால் கதையே வேறு. அவர் வாரண்ட் இல்லாமலே ஏறிச் சோதிக்கலாம். அமெரிக்காவில் நிலத்தில் உள்ள போலீஸ்காரருக்குக்கூட அவ்வளவு தாராளமான அதிகாரம் கிடையாது.

அதற்காக, துணைப்படைக்காரர் கை காட்டினால் கண்டுகொள்ளாமல் போவது புத்திசாலித்தனம் இல்லை. முன்னால் வாணவேடிக்கைப் படகு நிற்கலாம், படகுப் போட்டி நடக்கலாம். அவர் கையிலுள்ள ரேடியோவின் மறுமுனையில் இருப்பவருக்கு அந்த அதிகாரமெல்லாம் உண்டு.

சொந்தப் படகு அரசுப் படகாவது எப்படி

இந்த ஏற்பாட்டின் அச்சாணி ஒரு சொல்: ஆணை. அது எப்படி வேலை செய்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. உறுப்பினர் தன் படகைச் சோதனைக்குக் காட்டுகிறார். கயிறு, நங்கூரம், ரேடியோ, விளக்கு, பம்பு என்று நீளமான பட்டியல். சாதாரணப் படகுக்குக் கேட்பதைவிட அதிகமாகவே கேட்பார்கள். தேறினால், ரோந்துக்கு ஏற்ற படகு என்று பதிவாகும். சோதனை ஒருமுறையோடு முடிவதில்லை, திரும்பத் திரும்ப நடக்கும்.

2. ஆட்களும் தேற வேண்டும். படகுக்குத் தலைவர் காக்ஸ்வைன். அவருக்குக் கீழே பயிற்சி பெற்ற குழுவினர். முடிச்சுப் போடுவதிலிருந்து தண்ணீரில் விழுந்தவரை மேலே எடுப்பது, தேடும்போது கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஓடுவது, இன்னொரு படகைக் கயிறு கட்டி இழுப்பது வரை ஒவ்வொன்றையும் செய்து காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வருஷா வருஷம் குறிப்பிட்ட நேரம் தண்ணீரில் இருந்தால்தான் தகுதி தங்கும்.

3. இதற்கு அப்புறம்தான் ஆணை. இன்ன நாள், இன்ன பகுதி, இன்ன வேலை என்று கடலோரக் காவல் படை எழுத்துப்பூர்வமாகத் தருகிறது. அது கையில் இல்லாமல் பலகையை மாட்டிக்கொண்டு கிளம்ப முடியாது.

4. ஆணை நடப்பில் இருக்கும் நேரத்தில் அந்தப் படகு சட்டத்தின் கண்ணில் அமெரிக்க அரசின் கலம். எரிபொருள் செலவு திரும்பக் கிடைக்கும். வேலையில் படகுக்குச் சேதம் வந்தால் அரசிடம் இழப்பீடு கேட்கலாம். உறுப்பினருக்கு அடிபட்டால், மத்திய அரசு ஊழியர்களுக்கான காய இழப்பீட்டுச் சட்டம் அவருக்கும் பொருந்தும்.

5. ரோந்து முடிந்து படகைக் கட்டிவிட்டு ரேடியோவில் தகவல் சொன்னதும், அது பழையபடி அவருடைய சொந்தப் படகு. மறுநாள் அதே படகில் பேரப்பிள்ளைகளோடு போய் எதன்மீதாவது மோதினால், அது அவர் பாடு, அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் பாடு.

இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். வெறும் காகித வேலை என்று தோன்றலாம். ஆனால் தன்னார்வப் பணியில் மனுஷனைத் தயங்கவைப்பது பெரும்பாலும் அலையும் காற்றும் இல்லை, “நாளைக்கு யாராவது என்மேல் வழக்குப் போட்டால்?” என்ற யோசனைதான். அந்த யோசனையைக் கரையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போக இந்த ஆணை உதவுகிறது.

ரோந்தில் என்னதான் செய்கிறார்கள்

பெரும்பாலான ரோந்துகளில் செய்தியாகிற அளவுக்கு எதுவும் நடக்காது. கால்வாயின் எல்லையைக் காட்டும் மிதவை இருந்த இடத்திலேயே இருக்கிறதா, அதன் விளக்கு எரிகிறதா, கடல் வரைபடத்தில் இருப்பதும் கண்முன் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். புயலுக்குப் பின் மிதவை நகர்ந்திருந்தால், அதை நம்பி வரும் அடுத்த படகு மணல்திட்டில் தரைதட்டும். படகுப் போட்டி, ஜூலை 4 வாணவேடிக்கை போன்ற நாட்களில் பார்வையாளர் படகுகள் எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். யாரையாவது காணவில்லை என்றால் தேடலில் சேர்ந்துகொள்வார்கள். சொந்த விமானம் வைத்திருக்கும் உறுப்பினர்களும் உண்டு; அவர்கள் மேலிருந்து பார்க்கிறார்கள்.

இதெல்லாம் கடலோரக் காவல் படையின் பொறுப்பிலுள்ள நீர்ப்பரப்புகளுக்கு. ஒரு மாநிலத்துக்குள்ளேயே அடங்கிவிடும் ஏரி என்றால், அங்கே முதல் பொறுப்பு அந்த மாநில நிர்வாகத்துடையது.

இஞ்சின் நின்றால் ஏன் இழுத்துப் போவதில்லை

அதிகம் கோபத்தைக் கிளப்பும் விஷயம் இது. “வரிப் பணத்தில் ஓடும் படை, உதவி கேட்டால் தனியாரைக் கைகாட்டுகிறதே?”

ஒரு காலத்தில் அப்படி இல்லை. கூப்பிட்டால் வந்து இழுத்துக்கொண்டு போய்க் கரையில் விட்டார்கள், இலவசமாக. இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, பெட்ரோல் தீர்ந்தவரை இழுக்கப் போன படகு, அதே நேரத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குக் கிடைக்காது. இன்னொன்று, அரசு இலவசமாகச் செய்வதைத் தனியார் காசுக்குச் செய்து பிழைக்க முடியாது. 1982-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைக் கையிலெடுத்து, அவசரமில்லாத உதவிக்கு அரசுப் படகுகள் போக வேண்டுமா என்று மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அடுத்த வருஷமே சீ டோ என்ற இழுவை நிறுவனம் தொடங்கியது. சந்தாக் கட்டி வைத்துக்கொண்டால் நடுத்தண்ணீரில் நின்றாலும் வந்து இழுத்துப் போகும் சேவைகள் இன்று அங்கே சாதாரணம். நம் ஊரில் காருக்கு இருக்கும் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் மாதிரி.

இப்போதைய கொள்கையின் நடுவில் இருப்பது ஒரே கேள்வி: உயிருக்கு ஆபத்தா?

ஒரே பழுதை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். மதியம் இரண்டு மணி, காற்றில்லாத கழிமுகம், நங்கூரம் போட்டாயிற்று, இஞ்சின் கிளம்பவில்லை. இது தொந்தரவு, ஆபத்து இல்லை. கடலோரக் காவல் படை உங்கள் இருப்பிடத்தையும் பிரச்சினையையும் ரேடியோவில் எல்லோருக்கும் அறிவிக்கும். தனியார் இழுவைப் படகோ பக்கத்தில் போகிற யாரோ பதில் சொல்வார்கள். அதே இஞ்சின், அதே பழுது. ஆனால் இருட்டிவிட்டது, காற்று கரைப் பக்கம் தள்ளுகிறது, முன்னால் பாறையில் அலை உடைகிறது, நங்கூரம் பிடிக்கவில்லை என்றால் அது ஆபத்து. அப்போது தனியார் வருகிறாரா என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

துணைப்படையின் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில். அறிவிப்புக்கு நியாயமான நேரத்தில் யாரும் பதில் சொல்லாவிட்டால் இவர்களை அனுப்பலாம். ரோந்தின்போது நின்றுபோன படகை இவர்களே பார்த்தால், தகவல் சொல்லிவிட்டு உதவலாம். தனியார் படகு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தால், அவசரம் இல்லாதவரை குறுக்கே போகக் கூடாது. இழுத்தாலும் அருகிலுள்ள பாதுகாப்பான இடம் வரைதான். உங்கள் கார் நிற்கும் துறை இன்னும் ஏழு மைல் தள்ளி இருக்கிறது என்பது அவர்கள் கணக்கில் வராது.

ஆகவே ரேடியோவில் என்ன சொல்கிறீர்கள் என்பது முக்கியம். அவசர அழைப்புக்கு உரியது வி.எச்.எஃப். சேனல் 16. உயிர் போகும் நிலை என்றால் ‘மேடே’ என்று மூன்று முறை. அவசரம்தான், ஆனால் உடனடி உயிராபத்து இல்லை என்றால் ‘பான் பான்’. அப்புறம் எங்கே இருக்கிறீர்கள், என்ன நடந்தது, எத்தனை பேர். இடத்தை முதலில் சொல்வது நல்லது; பேச்சு பாதியில் அறுந்தாலும் தேடி வர அது போதும்.

உயிர் காப்பது கரையில்

ரோந்துப் படகு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். துணைப்படையின் பலன் மிகுந்த வேலை வேறிடத்தில் நடக்கிறது என்பதே என் எண்ணம். படகை டிரெய்லரிலிருந்து தண்ணீரில் இறக்கும் சரிவில், கையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாரே ஒருவர், அங்கே.

கடலோரக் காவல் படையின் கணக்குப்படி 2023-இல் அமெரிக்காவில் உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். உயிரிழப்பு விபத்துகளில் சிக்கியவர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் மூழ்கித்தான் இறந்தார்கள். அப்படி மூழ்கியவர்களில், விவரம் தெரிந்த அளவில், 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. எவ்வளவு திறமையான மீட்புக் குழுவானாலும் வந்து சேர நேரம் பிடிக்கும். குளிர்ந்த தண்ணீரில் கை கால் விறைத்துப்போக அவ்வளவு நேரம் ஆகாது.

கரையில் நடக்கும் படகுச் சோதனை இலவசம், கேட்டால் மட்டும் செய்வார்கள். பட்டியலில் பார்க்கப்படுவனவற்றில் சில:

- ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, அளவு பொருந்துகிறதா. ஓடும் படகின் திறந்த பகுதியில் 13 வயதுக்குக் கீழான குழந்தைகள் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது மத்திய விதி.
- தீயணைப்பான். ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடும் வகை, தயாரித்து 12 ஆண்டுகளுக்கு மேல் ஆனால் செல்லாது. இந்த விதி 2022 ஏப்ரலில் வந்தது. படகின் மூலையில் ‘இருக்கிறதே’ என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த பழைய சிலிண்டர்கள் இதில் அடிபட்டன.
- ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்தும் அபாயச் சுடர்கள். இவற்றின் ஆயுள் 42 மாதம்.
- ஓட்டுபவர் தடுமாறி விழுந்தால் இஞ்சினை நிறுத்தும் கயிறு. 26 அடிக்குக் குறைந்த படகுகளில் அந்தக் கருவி இருந்தால் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் சட்டம்.

எல்லாம் சரியென்றால் அந்த ஆண்டுக்கான ஒரு ஸ்டிக்கர். இல்லையென்றால் குறைகளை எழுதிய தாள். அவ்வளவுதான், யாருக்கும் புகார் போகாது.

துணைப்படைக்கு அதிகாரம் கொடுக்காததன் லாபம் இங்கேதான் தெரிகிறது. தன் படகில் குறை இருக்கலாம் என்று நினைக்கும் ஆள், அபராதம் போடக்கூடியவரை வலிய அழைத்துக் காட்டுவாரா? மாட்டார். அபராதப் புத்தகம் இல்லாதவர் என்பதால்தான் “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று கூப்பிடுகிறார். சீருடை நம்பிக்கையைத் தருகிறது, அதிகாரமின்மை பயத்தை எடுத்துவிடுகிறது. ஒரு துணைப்படைக்கு நாளை அபராத அதிகாரத்தைக் கொடுத்துப் பாருங்கள், அந்தச் சரிவில் அவரிடம் வரிசையில் நிற்க ஆள் இருக்காது.

ஆணை இல்லாமல் வருகிறவர்கள்

2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, லூசியானாவின் சாதாரணப் படகுக்காரர்கள் தாங்களாகவே டிரெய்லரில் படகைக் கட்டிக்கொண்டு வந்து ஆட்களை ஏற்றினார்கள். ‘கேஜன் நேவி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2016-இல் பேட்டன் ரூஜ் வெள்ளம், 2017-இல் ஹூஸ்டனில் ஹார்வி புயல் என்று மறுபடியும் வந்தார்கள். ஹார்வியின்போது கைப்பேசியை வாக்கிடாக்கியாக்கும் ஸெல்லோ செயலிதான் அவர்களுடைய கட்டுப்பாட்டு அறை. வேகத்தில் எந்த அரசு அமைப்பும் அவர்களுக்கு ஈடில்லை. ஆனால் யார் எங்கே போகிறார் என்ற கணக்கு கிடையாது, படகுக்கும் ஆளுக்கும் பொறுப்பேற்பவர் கிடையாது. ஹூஸ்டனில் நீரோட்டம் படகை மின்கம்பிப் பக்கம் இழுத்துப்போய், உதவ வந்தவர்களே இறந்தார்கள்.

நமக்கு இது புதுக்கதை இல்லை. 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களுக்குள் மீனவர்கள் படகைக் கொண்டுவந்தார்கள். 2018-இல் கேரள மீனவர்கள் லாரியில் படகுகளை ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் பக்கம் போனார்கள். மதில் சுவரிலும் கேட்டிலும் உரசிப் பல படகுகள் பழுதாயின. நாளுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருகிறோம், படகைப் பழுதுபார்த்துத் தருகிறோம் என்று அரசு அதன் பிறகு அறிவித்தது. பணம் வேண்டாம் என்று சொன்ன மீனவர்களும் இருந்தார்கள். அந்தப் பெருந்தன்மை ஒருபக்கம் இருக்கட்டும். படகில் ஓட்டை விழுந்தால் யார் அடைப்பது என்ற கேள்விக்குப் பதில், படகு கிளம்பின பிறகுதான் வந்தது. துணைப்படையில் அந்தப் பதில் கிளம்பும் முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

பிரிட்டனின் வழி இரண்டிலும் சேராது. 1824-இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. (ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன்) அரசுக்கு வெளியே நிற்கும் அறக்கட்டளை. ரோந்து சுற்றுவதில்லை, அழைப்பு வந்தால், கடையிலோ வயலிலோ இருக்கும் உள்ளூர்த் தன்னார்வலர்கள் ஓடிவந்து உயிர்காப்புப் படகை இறக்குகிறார்கள். படகு அமைப்பினுடையது, சொந்தப் படகு இல்லை. 1981 டிசம்பர் 19 இரவு, கார்ன்வால் கரையில் யூனியன் ஸ்டார் என்ற கப்பலிலிருந்தவர்களைக் காப்பாற்றப் போன பென்லீ படகின் எட்டுத் தன்னார்வலர்களும் திரும்பவில்லை. கப்பலில் இருந்த எட்டுப் பேரும் பிழைக்கவில்லை.

இப்போதுள்ள நெருக்கடி

2020-இல் கொரோனா காலத்தில் வேறு போக்கிடம் இல்லாமல் அமெரிக்கர்கள் படகு வாங்கித் தள்ளினார்கள். அந்த ஆண்டு உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 767 பேர். பின்னர் எண்ணிக்கை இறங்கியது. ஆனால் அப்போது முதல்முறை படகு வாங்கியவர்கள் இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் துணைப்படை சுருங்குகிறது. ஒரு காலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல் இருந்த அமைப்பு அது.

சேருவது லேசும் இல்லை. 17 வயது ஆகியிருக்க வேண்டும், பின்னணிச் சோதனை உண்டு, அதன் மேல் மாதக்கணக்கான பயிற்சி. ரோந்துக்கு வேண்டிய படகும் பெரும்பாலும் உறுப்பினர்களுடையதுதான். படகு வாங்கப் பணமும், சனிக்கிழமையைக் கொடுக்க நேரமும் ஒருசேர வாய்ப்பது பணி ஓய்வுக்குப் பிறகு. அந்த ரோந்துப் படகில் நரைத்த தலைகள் அதிகம் தெரிவது அதனால்தான். முதுகுவலியால் படகில் ஏற முடியாமல் போகிறவர்கள் ரேடியோ அறைக்கும் வகுப்பறைக்கும் மாறிக்கொள்கிறார்கள். சரிவில் படிவத்தோடு நிற்கும் வேலைக்குப் படகு தேவையில்லை, பலரும் அதைத்தான் கடைசிவரை விடுவதில்லை.